மாதிரி ஓலை

"யாருங்க மெயினை அணைச்சது?"

மோனிகா போட்ட கூச்சலில் மாதா கோயில் உத்தரத்துப் புறாக்கள் படபடவென்று வெளியே பறந்தன. வெளியே நல்ல மழை. பறந்த வேகத்திலேயே நனைந்துபோய் உள்ளே திரும்பின.

பீடத்துக்குப் பக்கத்து அறையில், பங்குச் சாமியாரின் பழைய லேப்டாப்போடு அவள் மத்தியானத்திலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அதன் பேட்டரி செத்து வெகுகாலமாயிற்று. வயர் இருந்தால் உயிர், உருவினால் மோட்சம். பங்கு மக்களின் ஈமெயில் முகவரிகளையெல்லாம் தட்டி முடித்துச் சேமிக்கப் போன நேரத்தில்... திரை கறுத்துவிட்டது.

"நான்தாங்க..."

குரல் உயரத்திலிருந்து வந்தது. அறையை விட்டு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தாள். ஏணியின் உச்சியில், ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி ஒருவன் நின்றான்.

"சொல்லிட்டு அணைக்கக் கூடாதா? என் வேலையெல்லாம் போச்சு!"

"சொன்னேங்க. மைக்லதான் சொன்னேன். மைக்தான் ரிப்பேராச்சே, உங்களுக்கு எப்பிடி கேக்கும்?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோபம் பாதியிலேயே நொண்டியது.

"கரண்ட்டோட கைய வெச்சா இன்னா ஆவறது? அப்புறம் ஃபாதரு எனக்குதான் பூசை வெக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவன் இறங்கி வந்தான். மழை வெளிச்சத்தில் அவன் கண்களைப் பார்த்தாள். தூசியில் சிவந்திருந்தன. சிவந்த கண்களும் சிரிக்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பாழாய்ப்போன கண்கள்... அவள் பார்வையைச் சட்டென்று தரைக்குத் திருப்பினாள்.

அவன் பெயர் அன்புச்செல்வன். அனந்தபுரத்துக்காரன். செஞ்சி பஜாரில் மைக் செட் கடை வைத்திருந்தான்.

அவள் உபதேசியார் தங்கராஜின் மகள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. சாமியாருக்கு உதவியாகக் கோயிலில் பூசை, ஜெபம், அறிவிப்பு எல்லாவற்றையும் கவனித்துக்கொள்பவர்தான் உபதேசியார். இந்தக் கோயிலில் அந்த அறிவிப்பு எடுபடுவதே இல்லை. ஸ்பீக்கரில் பாதி கரகரப்பு, மீதி எதிரொலி. சரி, வாட்ஸ்அப்பில் குரூப் போடலாம் என்று போட்டார்கள். ரோஜாப்பூவும் காலை வணக்கமும் குவிந்து, கடைசியில் எவரோ எவரையோ திட்டி, குரூப்பையே மூட வேண்டியதாயிற்று. அதனால்தான் பங்குச் சாமியார், "ஈமெயில்ல குரூப் போடும்மா. பெங்களூர்ல, குவைத்துல இருக்கிற நம்ம புள்ளைங்களுக்கும் சேதி போவட்டும்" என்று மோனிகாவிடம் ஒப்படைத்தார்.

"அப்ப எனக்குப் போட்டியா?" என்றான் அன்புச்செல்வன், விஷயம் தெரிந்ததும்.

"உங்க மைக்ல கேக்காததைத்தான் நான் மெயில்ல அனுப்பப் போறேன்."

"கேக்க வெச்சிட்டா?"

"அப்பவும் அனுப்புவேன். கேட்டவங்க மறந்துடுவாங்க. மெயில் மறக்காது."

பெரிய பேச்சுதான் பேசினாள். அது தனக்கே திரும்பும் என்று அப்போது தெரியவில்லை!

அடுத்தடுத்த மாலைகளிலும் அவன் வந்தான். புது வயர் இழுத்தான், பெட்டியை இடம் மாற்றினான். அவள் முகவரிகளை மறுபடி தட்டினாள். "மெயினை அணைக்கட்டுங்களா, மேடம்?" என்று ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்பான். அவள் சேமித்துவிட்டு, "ம்..." என்பாள். அந்த 'ம்'முக்காக அவன் கேட்கிறானோ, அவன் கேட்பதற்காக இவள் காத்திருக்கிறாளோ... இருவருக்கும் தெரியாத மாதிரியே இருந்தார்கள். பெட்டி சரியான அன்று அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனபோது, கோயில் அவளுக்கு வெறிச்சென்று இருந்தது.

அந்த வாரம்தான் சாமியார் இன்னொரு வேலை சொன்னார். கல்யாண ஓலையையும் மெயிலில் அனுப்ப வேண்டும்.

இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஞாயிறு பூசையில் மூன்று வாரம் வாசிப்பார்களே, அதுதான் ஓலை. ஓலை படித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. தங்கராஜ் படித்த ஓலை எதுவும் இதுவரை பொய்த்ததில்லை. அவருக்கு அதில் ஒரு கர்வமே உண்டு.

மோனிகா போனிலேயே மாதிரிக்கு ஒரு ஓலையைத் தட்டினாள். மாப்பிள்ளை பெயர் போட வேண்டிய இடத்தில் விரல் நின்றது. வீட்டில் யாரும் இல்லை. கூரையில் மழை. யார் பார்க்கப் போகிறார்கள்?

'அனந்தபுரம் அன்புச்செல்வனுக்கும், செஞ்சி உபதேசியார் தங்கராஜ் மகள் மோனிகாவுக்கும்...'

படித்தாள். காது மடல் சுட்டது. இன்னொரு முறை படித்தாள். ஐயோ, என்ன அழகாக இருக்கிறது! மெயிலாக வந்தால் எப்படித் தெரியும் என்று பார்க்கத் தனக்கே அனுப்பிக்கொள்ள நினைத்தாள். முகவரியில் முதல் எழுத்தைத் தட்டியதும் போன் தானாக ஒரு முகவரியை நீட்டியது. கண் ஓலையில் இருந்தது, விரல் போனில் இருந்தது. தட்டிவிட்டாள்.

போனது அவள் முகவரிக்கு அல்ல. குரூப்புக்கு!

முதல் பதில் குவைத்திலிருந்து வந்தது. 'வாழ்த்துகள் உபதேசியாரே! சொல்லவே இல்லியே?' அடுத்தது பெங்களூரிலிருந்து. 'மாப்பிள்ளை இன்னா பண்றாரு?' அப்புறம் உள்ளூர். 'பிரியாணி உண்டா?' ஒவ்வொரு பதிலும் ஒருத்தருக்குப் போகாமல் எல்லோருக்கும் போயிற்று. போன் அதிர அதிர, மோனிகாவின் முகத்தில் ஈயாடவில்லை. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது.

மன்னிக்கவும், அது மாதிரி ஓலை என்று உடனே இன்னொரு மெயில் அனுப்பினாள். அதை யார் படித்தார்கள்? படித்தவர்களும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

பாடகர் குழு ரஞ்சிதம் கடைத்தெருவிலேயே அவளைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, மாதிரிக்குப் போட உனக்கு வேற பேரே கெடைக்கலியா? மைக் செட்டுக்காரனும் உபதேசியார் பொண்ணும்! நான் வயிறு வலிக்க சிரிச்சேன்டி!"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் அவள் அப்பா திட்டக்கூட இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. "என் வாயால பொய் ஓலை வந்ததில்ல மோனிகா. என் வூட்லேர்ந்து வந்துடுச்சி" என்றார். அவ்வளவுதான்.

"நைனா... தெரியாம..."

"ஃபாதரு சொல்லிட்டாரு. ஓலைய எங்க படிக்கிறமோ, அங்கதான் திருப்பி வாங்கணும். ஞாயித்துக்கெழம நீயே மைக்ல சொல்லு. மாதிரிக்கு ஏதோ ஒரு பேரு போட்டேன், தப்பா போயிடுச்சின்னு. முடிஞ்சிது."

தலையாட்டினாள். ஏதோ ஒரு பேரு...

சனிக்கிழமை, அவமானத்தை விழுங்கிக்கொண்டு, பஜாரில் அவன் கடைக்குப் போனாள். மன்னிப்புக் கேட்காமல் எப்படி இருப்பது? செஞ்சிக் கோட்டை மலைகள் மழையில் மறைந்திருந்தன. அவன் குனிந்து ஏதோ ஒரு வயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். டீ கொண்டுவந்த ஆள், "இன்னா புது மாப்ள!" என்று அவனைக் கேட்டுவிட்டு, இவளைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடினான்.

"மன்னிச்சிடுங்க..." என்றாள். "மாதிரிக்குத்தான்..."

"தெரியுங்க. மாதிரிக்கு." அவன் நிமிரவில்லை. "நெசமா போட முடியாத பேரைத்தான் மாதிரிக்குப் போடுவாங்க."

"அப்பிடி இல்லீங்க..."

"எங்கம்மா நெசம்னு நம்பிட்டாங்க. தெருவுல ஒவ்வொரு வூடா போயி சொல்லிட்டு வந்தாங்க. அப்பறம் விசயம் தெரிஞ்சி, அதே தெருவே அவங்களப் பாத்து சிரிக்குது. மைக் செட்டுக்காரனுக்கு ஆசையப் பாருன்னு." இப்போதுதான் நிமிர்ந்தான். அந்தக் கண்களில் சிரிப்பின் தடமே இல்லை. "நாளைக்கு நீங்க தப்பா போச்சின்னு சொன்னீங்கன்னா எல்லாம் சரியாயிடும்."

கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கு" என்றான்.

அவள் திரும்பி நடந்தாள். குடை கையில் இருந்தும் விரிக்கவில்லை. நனைந்தது கூடத் தெரியவில்லை. தன் மானத்தைக் காப்பாற்ற ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியம் அவன் மானத்தை வாங்கிவிடும். அதை அவன் இழுத்த வயரில், அவன் சரிசெய்த ஸ்பீக்கரில், அவன் காது கேட்கவே சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்து வழிந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வேடிக்கை பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். திருவிழா நெருங்குகிறது என்று, பெட்டி சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கச் சாமியார் அன்புச்செல்வனை வரச் சொல்லியிருந்தார். அவன் பக்கவாசல் ஓரம், மைக் கருவிக்கு அருகில், தரையைப் பார்த்தபடி நின்றான்.

கடைசி ஆசீருக்கு முன்னால் சாமியார் கண்காட்டினார். மோனிகா எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மைக்கைத் தொட்டதும் அவள் மூச்சுக் காற்றே கோயில் முழுதும் கேட்டது. எவ்வளவு நன்றாகச் செய்துவிட்டான், பாவி...

"எல்லாருக்கும் தோத்திரம். நம்ம குரூப்புக்கு ஒரு ஓலை வந்திச்சி. அது நான் அனுப்புனது. ஃபாதருக்கும் தெரியாது, எங்க நைனாவுக்கும் தெரியாது. கல்யாணம் எதுவும் பேசல. ஓலைய நான் அவ்ளோ லேசா நெனச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

அடுத்தது அந்த வாக்கியம். ஏதோ ஒரு பேரு போட்டேன். முன்வரிசையில் ரஞ்சிதம் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. அவள் பார்வை மோனிகா மேல் இல்லை. பக்கவாசல் பக்கம் இருந்தது. அவனுடைய தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது.

மோனிகாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அனுப்புனதுதான் தப்பு" என்றாள். "பேரு தப்பில்ல. மாதிரிக்குன்னாலும்... அந்தப் பேரை நான் நெனச்சிதான் எழுதுனேன். எழுதிட்டு, படிச்சி சந்தோசப்பட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. அவரையும் அவங்கம்மாவையும் பாத்து யாரும் சிரிக்காதீங்க. சிரிக்கணும்னா... என்னப் பாத்து சிரிங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. ரஞ்சிதத்தின் முந்தானை மெதுவாகக் கீழே இறங்கியது.

சாமியார் ஆசீர் கொடுத்ததும், கோயில் பின்புறத் தாழ்வாரத்துக்கு ஓடிவந்து, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். உடம்பெல்லாம் கூசியது. என்ன சொல்லித் தொலைத்தோம்! மாதா சந்நிதியில், அப்பா முன்னால், ஊர் முன்னால்...

காலடி கேட்டது. அப்பா. அவள் அழுதுவிட்டாள்.

"நைனா, உன் மானத்த..."

தங்கராஜ் மழையைப் பார்த்தார். "நான்தான் உன்ன பொய் சொல்ல சொன்னேன். கோயிலுக்குள்ள. உபதேசியாரு..." என்று தன்னையே நொந்துகொண்டார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "அந்தப் புள்ள வயர சுருட்டிக்கினு இருக்குது. காப்பி குடிக்க வூட்டுக்கு வரச் சொல்லு. கூப்பிட்டா வருமோ, வராதோ..."

கூப்பிட அவசியம் இருக்கவில்லை. அப்பா நகர்ந்ததும் தூணுக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான். தோளில் வயர்ச் சுருள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சிரிச்சிக்கோங்க. நான்தான் சொல்லிட்டேனே."

"மோனிகா..."

மேடம் இல்லை. பெயர். அவன் வாயில் தன் பெயரை அவள் அதுவரை கேட்டதே இல்லை.

"நேத்து கடையில நான் பேசுனது பாதிதான். மீதிய சொல்ல வெக்கமா இருந்திச்சி." வயரைத் தோள் மாற்றினான். "மெயில யாரோ காட்டுனப்பவே அது நெசமில்லன்னு எனக்குத் தெரியும். யாரும் வந்து பொண்ணு கேக்கல, பேசல... எப்பிடி நெசமாவும்? அம்மா ஓடி வந்து, நெசமாடான்னு கேட்டாங்க. இல்லம்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"ஏன் சொல்லல?"

"வாய் வரல. நெசமா இருந்தா எப்பிடி இருக்கும்னு... கொஞ்ச நேரம் அப்பிடியே இருந்துட்டேன். அதுக்குள்ள அவங்க தெருவெல்லாம் சொல்லிட்டாங்க. எங்கம்மாவ சிரிப்பா சிரிக்க வெச்சது உங்க மெயில் இல்ல. என் ஆசைதான். அந்த ஆத்தரத்துலதான் உங்க மேல எரிஞ்சி வுழுந்தேன்."

மழை இரைந்தது. இருவரும் தலை குனிந்து நின்றார்கள். யார் அதிகம் வெட்கப்படுவது என்று போட்டி வைத்தால் பரிசு கொடுப்பது கஷ்டம்தான்.

"இப்ப வூட்டுக்குப் போயி அம்மாகிட்ட நான் இன்னான்னு சொல்றது?" என்றான், தரையைப் பார்த்தபடி.

மோனிகா நிமிர்ந்தாள். அழுத கண்ணோடு, அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். "அவங்க தெருவுல சொன்னது... சொன்னபடியே இருக்கட்டும்."