தொட்டிக்குள் பாட்டு

தரைக்குக் கீழே பாட்டு நின்றது. பப்பில் இருந்தவர்கள் கோப்பையை உதட்டருகே நிறுத்திக்கொண்டு தரைப்பலகைகளைப் பார்த்தார்கள். பாட்டு மறுபடி எழுந்தது. குடித்தார்கள்.

எனிட் கணவனைப் பார்த்தாள். லயனல் எதையும் கவனிக்கவில்லை. பீரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். சொந்தமாக பீர் காய்ச்சும் பப் எந்தக் கிராமத்தில் இருந்தாலும் தேடிப் போய்விடுவான். சளி பிடித்து, மூச்சுக்கு மூச்சு இருமிக்கொண்டிருந்த இன்றும் அவனைத் தடுக்க முடியவில்லை.

“ஏன் எல்லாரும் நிறுத்தினாங்க?” என்று எனிட் கேட்டாள்.

பப்பை நடத்தும் ஹெஸ்டர் கவுன்ட்டரைத் துடைத்தபடியே சொன்னாள். “என் தம்பி ஏமஸ் கீழே பீர் நொதிக்கிற தொட்டியைக் கழுவறான். பீரை பீப்பாய்க்கு மாத்தினப்புறமும் தொட்டியோட அடியில கெட்ட காத்து தேங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. நின்னபடியே விழுந்துடுவாங்க. அதனால இறங்கறவன் பாடிக்கிட்டே இருக்கணும். பாட்டு நின்னா நாங்க ஓடுவோம்.”

“ஏமஸ் பாடினா பீர் புளிச்சிடும்,” என்றார் கணப்பருகே இருந்த பெர்சி.

“நீங்க குடிக்கிற வேகத்துக்குப் புளிக்க நேரம் ஏது?” என்றாள் ஹெஸ்டர்.

லயனல் எழுந்துவிட்டான். “நான் போய்ப் பாக்கலாமா?”

“தாராளமா. சும்மா நிக்காதீங்க, ஒரு பிரஷ்ஷை வாங்கித் தேயுங்க.”

“உள்ள மட்டும் இறங்காத, லயனல்.”

“பாடத் தெரியாதவனை யாரு இறங்கச் சொல்லப்போறா?” சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. நிலவறைப் படிகளில் அந்த இருமல் இறங்கிப் போவதை எனிட் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே மழை வலுத்தது. மலைச்சரிவில் மேய்ந்த ஆடுகள் ஒவ்வொன்றாக இருட்டில் கரைந்தன. ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடையும் விறகுப் புகையும், பலகை இடுக்குகளின் வழியே ஏறிவந்த, முளைகட்டிய பார்லி மால்ட்டின் இனிப்பும், அந்த இனிப்புக்கு அடியில் அழுகிய ஆப்பிளைப் போன்ற ஏதோ ஒன்றும் சேர்ந்து அவள் தொண்டையில் படிந்தன.

கீழே இரண்டாவது குரல் சேர்ந்துகொண்டது. சுருதி இல்லாத குரல். இரண்டு சொல், ஒரு இருமல். மறுபடி இரண்டு சொல்.

“உங்க ஆளு இறங்கிட்டாரு,” என்றார் பெர்சி. “கடவுள்தான் பீரைக் காப்பாத்தணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். கோபம் வந்தாலும் எனிட்டும் சிரித்தாள். இருமல் கேட்கும்வரை பயமில்லை. அடுத்த இருமலுக்குக் காத்திருந்தாள்.

வரவில்லை.

பாட்டு தொடர்ந்தது. அவன் குரல்தான். ஆனால் இப்போது சுருதி பிசகவில்லை. வரிக்கும் வரிக்கும் நடுவே அவன் மூச்சு வாங்கவில்லை.

பின்கதவு திறந்தது. மழையில் நனைந்த ஒருவன் காலி வாளிகளோடு உள்ளே வந்தான்.

“பன்றிங்க மால்ட் சக்கை எல்லாத்தையும் தின்னுடுச்சுங்க,” என்றான். “அக்கா, ஒரு கோப்பை குடு. அப்புறம் தொட்டியில இறங்கறேன்.”

கவுன்ட்டரைத் துடைத்த ஹெஸ்டரின் கை நின்றது. “நீ இன்னும் இறங்கலையா, ஏமஸ்?”

“மத்தியானத்துலேருந்து பண்ணையிலதானே இருக்கேன்.”

கீழே இரண்டு குரல்கள் பாடின.

எனிட் எழுந்தாள். “வாங்க. யாராவது வாங்க.”

யாரும் அசையவில்லை. ஏமஸ் தரையைப் பார்த்தான். “பாடறாருல்லம்மா,” என்றான், மெதுவாக. “பாடற வரைக்கும் உசுரு இருக்கு. நின்னாத்தான் போவோம்.”

“கூடப் பாடறது யாரு?”

பெர்சி முகத்தைக் கணப்பின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் ஓடினாள். படிகள் வழுக்கின. ஒரே ஒரு பல்பு. ஆள் உயரத் தொட்டி, மரம், கறுத்த விளிம்பு. சாய்த்து வைத்த ஏணி. பாட்டு காதை அடைத்தது.

ஏணியில் ஏறினாள். மூச்சை அடக்கி எட்டிப் பார்த்தாள்.

லயனல் அடியில் ஒருக்களித்துக் கிடந்தான், பழுப்பு நுரையில், தூங்குகிறவனைப் போல. கையில் பிரஷ். கண்கள் திறந்திருந்தன. உதடுகள் நீலம். மூடியிருந்தன.

அவன் குரல் பாடிக்கொண்டிருந்தது. அவன் அருகே வேறு யாருமில்லை.

எனிட் அலறினாள். வாய் அகலத் திறந்தது. தொண்டை நரம்புகள் புடைத்தன. சத்தம் வரவில்லை.

தொட்டியின் அடியில் ஒரு பெண்குரல் அடுத்த வரியை எடுத்தது. அவளுடைய குரல்.

மேலே, பலகைகளுக்கு அப்பால், ஹெஸ்டர் சொல்வது கேட்டது. “கேக்குதா? அவங்களும் பாட ஆரம்பிச்சுட்டாங்க. பயப்பட ஒண்ணுமில்ல.”