தலைவர் இன்னும் எழவில்லை

காபி டம்ளர் லீலாவின் கையிலிருந்து நழுவியது.

கட்டிலில் தசரதன். கழுத்தில் நைலான் கயிறு. கண்கள் திறந்தபடி...

அவள் மாடிப்படியில் உருண்டு விழாத குறையாக இறங்கினாள்.

சுங்குவார்சத்திரத்திலேயே வாடகை குறைவான லாட்ஜ் அவளுடையது. தொழிற்சாலைத் தொழிலாளர்கள் சங்கம் தொடங்கும் மாநாட்டை இங்கே வைத்ததும் அதனால்தான். இரும்புக் கட்டில்களைச் சுவரோரம் அடுக்கி, பேனர் கட்டியாயிற்று. நைட் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வரவேண்டியதுதான் பாக்கி.

தலைவரோ பிணமாக!

மேசைமேல் போன். டயலில் பூட்டு. இடுப்பிலிருந்த சாவியால் அவள் பூட்டைத் திறக்கும்போதே, வாசலில் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் இராமச்சந்திரன்!

கடவுளே அனுப்பினாற்போல் இருந்தது.

"சார், மாடில... தசரதன் அண்ணன்..."

போனார். பார்த்தார். இறங்கி வந்து, பேனருக்குக் கடைசி ஆணி அடித்துக்கொண்டிருந்த மாரியின் சட்டையைப் பிடித்தார்.

மாரி, லீலாவின் தம்பி. அம்மா போனபின் அவள் சோறூட்டி வளர்த்த பிள்ளை.

"நேத்து தசரதன்கிட்ட சண்டை போட்டது நீதான?"

"ஸ்ட்ரைக் இப்ப வாணாம்னாரு. கத்துனேன் சார். அதுக்குன்னு கொல்லுவனா?"

"கோர்ட்டுல சொல்லு."

"அக்கா, நா இல்லக்கா..."

லீலாவின் கண்ணில் தூக்குக் கயிறு ஆடியது.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தான் ரகுபதி. சங்கத்தின் செயலாளர். விஷயம் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான்.

இரண்டு கையாலும்!

லீலா அந்தக் கைகளையே பார்த்தாள்.

"ரகுபதி... ரோஜா மாலை எங்கப்பா?"

"இன்னா மாலை?"

"தலைவருக்குப் போட. விடிஞ்சதும் காஞ்சிபுரம் போயி வாங்கியாரேன்னு நீதான சொன்ன?"

"அது... செத்தவருக்கு எதுக்குக்கா?"

"செத்தது ஒனக்கு இப்பதான தெரியும்? நீ பஸ் ஏறறப்ப, ஒன் கணக்குல அவரு உயிரோடதான இருந்தாரு?"

ரகுபதியின் முகம் வெளுத்தது. வாய் குழறியது.

"கம்பெனில சூப்பர்வைசர் ஆக்கறேன்னாங்க... வூட்டு கஷ்டங்க்கா..."

லீலாவுக்கு உயிர் வந்தது. "கேட்டீங்கள்ல சார்? என் தம்பிய வுடுங்க."

இன்ஸ்பெக்டர் விடவில்லை. சிரித்தார்.

"கெட்டிக்காரிம்மா நீ. மாலை வாங்காதவன புடிச்சிட்ட. கூப்பிடாம வந்தவன வுட்டுட்டியே."

லீலா குனிந்து பார்த்தாள்.

திறந்த பூட்டு இன்னும் அவள் உள்ளங்கையில். அவள் ஒரு நம்பர்கூடச் சுழற்றியிருக்கவில்லை...

மாரியின் கையில் விலங்கு விழுந்தது.

"ரகுபதி, வேலைக்குக் கெளம்பு. சூப்பர்வைசரே லேட்டா போனா நல்லாவா இருக்கும்?"

வாசலில் நின்று, இன்ஸ்பெக்டர் பேனரை ஒருமுறை படித்தார்.

"மாநாடு ஜோரா நடந்துதும்மா. நன்றியுரை மட்டும் கம்பெனில தனியா வச்சிருக்காங்க. எனக்கு."