நனைந்த கல்வரிசை

ஆகஸ்ட் வெயிலில் கல்லெல்லாம் காய்ந்து வெளுத்துக் கிடக்க, பழைய அரங்கத்தின் கீழ்வரிசையில் ஓரிடம் மட்டும் நனைந்திருந்தது. ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு.

"எவனாவது கடல்ல குளிச்சிட்டு வந்து உக்காந்திருப்பான்," என்றான் கூட வந்திருந்த முக்தார். "திபாஸா மாதிரி கடலோர ஊருல இதெல்லாம் ஒரு அதிசயமா?"

வஹீபா நடுவரிசையில் போய் உட்கார்ந்து அந்த ஈரத்தையே பார்த்தாள். ரோமானியர் விட்டுப்போன இந்த இடிபாடுகளுக்குக் கீழே இருக்கும் கரையில்தான் அவள் தம்பி ஸுஹைர் போன கோடையில் ஸ்பெயினுக்குக் கள்ளப்படகு ஏறினான். அந்தப் படகில் போன யாரைப் பற்றியும் தகவல் இல்லை.

"இதோட போதும், வஹீபா. ஃபாத்திஹா ஓதிட்டு மனச தேத்திக்க."

"அது செத்தவங்களுக்கு ஓதுறது."

அவன் பெருமூச்சு விட்டான். "தண்ணி வாங்கிட்டு வரேன். மயக்கம் போட்டு விழுந்து வைக்காத, தூக்க என்னால ஆகாது."

அவன் காலடி ஓசை ஓய்ந்த பிறகு, நடுவரிசையில் உட்கார்ந்திருந்த அவளுக்கு, பைன் மரங்களில் ஓயாமல் கத்திய சில்வண்டுகளும், கீழே பாறையில் மோதிய அலையும் ஒரே நேரத்தில் அடங்கிப்போனதும், வெயிலின் சூட்டுக்குள்ளிருந்து டீசலும் பாசியும் கலந்த ஒரு வாடை மெல்ல மேலேறி வந்ததும் தெரிந்தது.

பிறகு, காதோரத்தில் ஒரு முணுமுணுப்பு.

"அக்கா."

மேடையில் யாரும் இல்லை.

"குளுருதுக்கா."

"ஸுஹைர்? எங்கடா இருக்க?"

எங்கோ நீர் சொட்டியது. கீழ்வரிசை முழுவதும் கறுத்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரிசையும் நனைந்தது. அதற்கு அடுத்ததும். எழுந்திருக்க நினைத்தாள். முழங்கால் அசையவில்லை.

வாசல் பக்கம் முக்தார் வந்து நின்றான். கையிலிருந்த பாட்டில் நழுவி விழுந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளைச் சுற்றிப் பார்த்தான்.

"வஹீபா... எந்திரிச்சு வா. மெதுவா." கையை நீட்டினான். "யாரையும் பாக்காத."

அவள் பார்த்தாள்.

எல்லா வரிசையிலும் ஆட்கள். படகில் இருப்பதுபோல முழங்காலை மடக்கி, நெருக்கியடித்து, கடலையே பார்த்துக்கொண்டு. தலைமுடியில் பாசி.

பக்கத்தில் ஸுஹைர்.

அவன் மட்டும் திரும்பினான். கண்கள் இருந்த பள்ளத்தில் நீர் தேங்கியிருந்தது. மடியில் கிடந்த, யாருடையதோ ஒரு கைக்குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தான்.

ஈரமணல் கனம்.

குழந்தை அவள் விரலை இறுகப் பற்றிக்கொண்டது.