குருவிக்கு வைத்த புள்ளி

மகளின் பிறந்தநாள் பேனரில் வேண்டாத புள்ளி ஒன்று விழுந்திருந்தது. அவள் பெயரை 'குருவி' என்று அடித்தால் 'க்ருவி' என்று நின்றது. 'கு'வின் அடிச்சுழி கழன்று, தலைக்கு மேல் புள்ளியாக உட்கார்ந்திருந்தது. ஈ எச்சமோ என்று டிசைனர் திரையை நகத்தால் சுரண்டினார். போகவில்லை.

ஊருக்கெல்லாம் காசு வாங்கிக்கொண்டு பேனர் அடிப்பவர், சொந்த வீட்டுக்கென்றால் ஓசி எழுத்துருவைத்தான் தேடுவார். பிறவிக்குணம். ஆனாலும் இந்த முறை சிக்கியது அழகிதான். ஒவ்வோர் எழுத்தும் இடுப்பை ஒடித்து, வாலை நீட்டி, பக்கத்து எழுத்தின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. "எழுத்தா இது? மேனாமினுக்கி மாதிரி வளைஞ்சுக்கிட்டு நிக்குது" என்று மனைவி அப்போதே சொன்னார். அந்த அம்மா எதைத்தான் மெச்சியிருக்கிறார்?

பக்கத்து அறையில் குருவி படித்துக்கொண்டிருந்தாள். காரணப்பெயர்தான், வாய் மூடவே மூடாது.

"அப்பா! எழுத்துக்குப் புள்ளி வெச்சா உயிர் போயிடுமாம். வெறும் மெய்தான் மிஞ்சுமாம். டீச்ச்ர் சொன்னாங்க!"

டீச்ச்ரா? பல் விழுகிற வயசு என்று நினைத்துக்கொண்டார். "சரிடி கண்ணு."

அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மழைக்கு முந்திய புழுக்கம் அடைத்துக் கிடந்த அந்த அறையில், விசிறியின் கரகரப்புக்கும் குருவியின் சத்தத்துக்கும் நடுவே, பேனா முள் காகிதத்தைக் கீறுவது போன்ற மெல்லிய ஓசை ஒன்று கணினியின் வயிற்றிலிருந்து எழுந்து, ஈர மையின் வாசனையோடு அவர் காதோரம் வந்து நிற்க, அவர் பார்க்கப் பார்க்கவே 'ரு'வின் சுழியும் கழன்று மேலேறி உருண்டது.

க்ர்வி.

உள்ளே படிப்பு நின்றது.

"அப்ப்..." என்றாள் குருவி. "தண்ண்... தண்ண்..."

"ஏங்க, உங்க பொண்ணு புதுசா ஒரு பாஷை பேசுறா பாருங்க!" மனைவி சமையலறையிலிருந்து சிரித்தார். "ஒழுங்கா வாயத் தொறந்து பேசுடி. எல்லாத்துலயும் விளையாட்டு."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு எழுத்துருவுக்கு மாற்றினார். தடித்த, குட்டையான, கடைப்பலகை எழுத்து. வால்கள் போயின. புள்ளிகள் போகவில்லை. பெயரையே அழித்தார். அது தானே எழுதிக்கொண்டது. எழுத்துருவையே நீக்கப் பார்த்தார். கணினி பவ்யமாகச் சொன்னது: 'இந்த எழுத்துரு பயன்பாட்டில் உள்ளது. நீக்க இயலாது.'

எங்கே பயன்பாட்டில்?

பிளக்கைப் பிடுங்கினார். கணினியின் இரைச்சல் அடங்கியது. திரை அணையவில்லை.

மிச்சம் ஒரே எழுத்து. 'வி'. அதன் மேல்வளைவு மெதுவாகச் சுருண்டுகொண்டிருந்தது. விரலை வைத்து அழுத்தி மறைத்தார். பாவம், வேறென்ன செய்வார்?

கதவருகே குருவி.

நெற்றியில் இரண்டு புள்ளிகள். மை காயாமல். சட்டைக் கழுத்திலிருந்து ஒரு கருங்கோடு, தோலுக்கு அடியில், அழகாக, மிக அழகாக வளைந்து, தொண்டையைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது.

வாயைத் திறக்கப் பார்த்தாள். உதடுகள் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன.

"ப்ப்."

கோட்டின் நுனி நெற்றியைத் தொட்டு உருளத் தொடங்கியது.

அவர் விரலுக்கு அடியில், கண்ணாடிக்குள், ஏதோ ஒன்று வட்டமாக நனைந்தது.