பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க

“வாயை மூடுங்க!”

மியாஜி ரியோஹெய், சிஹோவிடம் முதன்முதலாகச் சொன்ன வார்த்தை இதுதான். சொன்னது மட்டுமா... மீன்வாடை அடிக்கும் ஈரக் கையால் அவள் வாயைப் பொத்தியும் விட்டான். காதல் கதைக்கு நல்ல ஆரம்பம்தான், போங்கள்!

ஆனால் அந்த நிமிடம் சிஹோவுக்குக் கோபம்கூட வரவில்லை. பயம்... பயம் மட்டும்தான் இருந்தது. பத்தடி தூரத்தில், நகாசே ஆற்றின் ஆழமான மடுவில், பதின்மூன்று வயது கோஹரு மூழ்கிக்கொண்டிருந்தாள்.

சிஹோ அந்த மலையூர் நகராட்சியின் சுகாதாரச் செவிலி. வயது இருபத்தேழு. கோடை விடுமுறை வந்தால் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் பதிமூன்று பேரைத் திரட்டிக்கொள்வாள். காலை ஆறரைக்கு வானொலி இசைக்கு உடற்பயிற்சி... கழுத்தில் தொங்கும் அட்டையில் ஒரு முத்திரை... ஆளுக்கு ஒரு சோற்று உருண்டை. அப்புறம் தனியாக வாழும் முதியவர்கள் வீட்டில் களை பிடுங்குவது, ஆற்றங்கரையில் குப்பை பொறுக்குவது. கைபேசிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடக்கும் பிள்ளைகளை வெயிலுக்கு இழுத்து வர, அவள் ஒரு விளையாட்டும் வைத்திருந்தாள். பேரைக் கூப்பிட்டதும் வலது கையைக் காதோடு ஒட்டி நேராக உயர்த்தி, “உள்ளேன்!” என்று கத்த வேண்டும். யார் குரல் பெரிதோ அவர்களுக்குச் சிவப்பு முத்திரை.

இதுவரை நடந்த பத்து நாளும் சிவப்பு முத்திரை வாங்கியவள் கோஹரு.

இன்று காலி டப்பா ஒன்றை எட்டி எடுக்கப் போய், பாசிப் பாறையில் வழுக்கி மடுவில் விழுந்துவிட்டாள். விழுந்தவள் பயப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி சட்டையும் காலணியுமாக மல்லாந்து, அசையாமல் மிதந்தாள். காப்பாற்ற ஆள் வரும்வரை மிதந்தால் போதும்... அவ்வளவுதான் பாடம்.

“கோஹரு!” என்று அலறினாள் சிஹோ.

“உள்ளேன்!”

தண்ணீரில் கிடந்த பெண் வலது கையை நேராகத் தூக்கினாள். மிதக்கும் உடம்பில் முகம் மட்டும்தான் நீருக்கு மேலே நிற்கும். கை மேலே வந்தால் முகம் உள்ளே போயாக வேண்டும். போனது.

மறுபடி மேலே வந்தாள். “கோஹரு!!” மறுபடியும் கை உயர்ந்தது... மறுபடியும் முகம் உள்ளே போனது. மூன்றாம் முறை சிஹோ வாயைத் திறந்தபோதுதான் அந்த ஈரக் கை வந்து பொத்தியது. ஆற்று நடுவில் நீளத் தூண்டிலோடு நின்ற யாரோ ஒருவன், தூண்டிலை அப்படியே ஆற்றோடு விட்டுவிட்டு ஓடி வந்திருந்தான்.

“பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க! கூப்பிட்டா பதில் சொல்றா பாருங்க!”

பிறகு மடுவைப் பார்த்து, இவன்தானா அப்படிக் கத்தியது என்று தோன்றும்படி மெதுவாகச் சொன்னான். “பாப்பா... பதில் பேசாத. வானத்தைப் பாரு. நான் வந்துட்டே இருக்கேன்.”

வந்தான். தூக்கினான். கரையில் கிடத்தினான். கோஹரு இருமினாள், தண்ணீரைக் கக்கினாள், அப்புறம் சிஹோவைப் பார்த்து அழுதாள்.

“மன்னிச்சிடுங்க சிஹோ-சான்... நீங்க கூப்பிட்டீங்க... என்னால சத்தமா சொல்ல முடியல...”

சிஹோ கூழாங்கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்கதான் இவங்களுக்குப் பொறுப்பா?” என்றான் அவன்.

“ஆமா... நகராட்சி செவிலி. ஒகியுரா சிஹோ.” உட்கார்ந்தபடியே நெற்றி கல்லில் படக் குனிந்தாள்.

“மிதக்கிறவங்களைக் கூப்பிடக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“தெரியாம பதிமூணு பிள்ளைங்களை ஆத்துக்குக் கூட்டிட்டு வருவீங்களா?”

பிள்ளைகள் பதிமூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிஹோ நிமிர்ந்தாள். அப்போதுதான் மழை பிடித்தது... மலைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் திடீர் மழை. அவன் இமைகளில் நீர் சொட்டியது. அந்தக் கண்களில் கோபம் இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. வேறு என்னவோ இருந்தது. என்னவென்று பார்ப்பதற்குள் திரும்பி, தூண்டிலைத் தேடி ஆற்றோரமாக நடந்துவிட்டான்.

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதனால்தான் அவளுக்கு அப்படி எரிந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு இசை ஒலித்தது. முதல் வரிசையிலேயே கோஹரு நின்றாள். சிஹோ பேர்ப் பட்டியலைக் கையில் எடுத்தாள். பேரைப் படிக்க வாயைத் திறந்தாள்... குரல் வரவில்லை. என் வாயில் வந்தால் இந்தப் பிள்ளைக்கு ஆபத்து என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒன்றும் பேசாமல் ஒவ்வொருவர் அட்டையிலும் முத்திரை குத்திவிட்டு, கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பத்து மணிக்குத் துறைத் தலைவர் மனாபே அழைத்தார்.

“ஒகியுரா-சான், ஆறு வேண்டாம். மண்டபத்துல உக்காந்து துண்டு அட்டைகளை அடுக்கிப் படம் சேக்கட்டும். யாருக்கும் வம்பில்ல.”

“சரிங்க” என்று சொல்லவே போனாள். ஆனால் கதவோரம் கோஹரு நின்றிருந்தாள். பின்னால் மீதிப் பன்னிரண்டு பேரும்.

“மண்டபத்துல உக்கார நாங்க என்ன கிழவங்களா?” என்றாள் கோஹரு. “நான்தானே விழுந்தேன்? நானே பயப்படல. சிஹோ-சான் ஏன் பயப்படணும்?”

மனாபே பெருமூச்சு விட்டார். “தீயணைப்பு நிலையத்துலேருந்து ஒருத்தர் எப்பவும் கூட வர்றதா இருந்தா... போங்க. ஆளைப் பிடிக்கிறது உங்க பாடு.”

சிஹோ சைக்கிளை மிதித்தாள். தீயணைப்பு நிலைய வாசலில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு சிவப்பு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“கொஞ்சம் கேக்கலாமா...”

திரும்பினான். அவனேதான்! ஆற்றில் நின்ற தூண்டில்காரன் விடுமுறையில் இருந்த தீயணைப்பு வீரன். தலையில் இடி விழுந்த மாதிரி ஆனது சிஹோவுக்கு. திரும்பி ஓடிவிடலாமா? கௌரவம் ‘ஓடு’ என்றது. பதிமூன்று பிள்ளைகளின் முகம் ‘நில்’ என்றது.

“வாயை மூடச் சொன்னவர்கிட்டயே வாயைத் திறந்து உதவி கேக்க வந்திருக்கேன்” என்றாள் விறைப்பாக.

அவன் ரப்பர் குழாயில் தண்ணீரை நிறுத்தினான். காது மடல் சிவந்தது. “நேத்து... கையில மீன் வாடை அடிச்சுதோ?”

“நேத்துலேருந்து சோறு இறங்கல.”

“நல்ல மீன்தாங்க அது. கைக்கு வந்ததை விட்டுட்டேன். தூண்டிலும் ரெண்டாப் போச்சு.”

“அதுக்கும் நான்தான் மன்னிப்புக் கேக்கணுமா?”

“நான் கேக்கணும்.” சட்டென்று இடுப்பு வரை குனிந்தான். “பசங்க முன்னாடி உங்களைத் திட்டினது தப்பு. அந்தப் பொண்ணுக்காகப் பயந்துட்டேன். பயந்தா எனக்குக் கத்தத்தான் வரும்.”

ஓ... அந்தக் கண்களில் இருந்தது பயமா! சிஹோவின் விறைப்பு கொஞ்சம் தளர்ந்தது. வந்த விஷயத்தைச் சொன்னாள்.

“வர்றேன்” என்றான். “ஆனா ஒண்ணு. முதல்ல நீங்க தண்ணியில இறங்கணும். மிதந்து பாக்காதவங்களுக்கு மிதக்கிறவங்க கஷ்டம் புரியாது.”

“நானா?!”

“நீங்களேதான்.”

மறுநாள் மாலை, இடுப்பளவு தண்ணீரில், சட்டையும் காலணியுமாக நின்றாள் சிஹோ. பற்கள் தந்தியடித்தன. குளிர் கால்வாசி, பயம் முக்கால்வாசி.

“சாயுங்க.”

“முடியாது.”

“என் கை தலைக்குக் கீழே இருக்கு.”

“அந்தக் கையை நம்பச் சொல்றீங்களா?”

“சோப்புப் போட்டுக் கழுவியாச்சு.”

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த நேரத்தில் சாய்ந்தும் விட்டாள். காதுக்குள் தண்ணீர் புகுந்தது... உலகமே ஊமையானது. மேலே வானம், அதன் ஓரத்தில் தலைகீழாக அவன் முகம். நெஞ்சு படபடவென்று அடித்தது. மூழ்கிவிடுவோமோ என்றா? அல்லது... ‘சீ, வாயை மூடு சிஹோ!’ என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். கையை அவன் எப்போது எடுத்தான் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு தன் விடுமுறை நாளிலெல்லாம் அவன் வந்தான்; ஆற்று வேலையை அந்த நாட்களுக்கென்றே ஒதுக்கிவைத்தாள் சிஹோ. பிள்ளைகளுக்கு மிதக்கச் சொல்லிக் கொடுத்தான். வேண்டாதவற்றைக் கவனிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

“சிஹோ-சான் உதட்டுல சாயம்!” என்றாள் கோஹரு.

“வெயிலுக்குடி இது.”

“மியாஜி-சான் வராத நாள்ல வெயிலே அடிக்காதோ?”

சிஹோ குப்பைப் பையால் அவளைத் துரத்தினாள். குரல் மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனால் ஆற்றைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு... பதிமூன்று. ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் எண்ணினாள். தூக்கத்திலும் எண்ணினாள். ரியோஹெய் சும்மா நிற்கும்போது அவனையும் சேர்த்துப் பதினாலு என்று எண்ணுவது எப்போது தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது.

ஆகஸ்ட் மாதக் கடைசி நாள் வேலை, ஆற்றுக்கு நடுவிலிருந்த மணல்திட்டைச் சுத்தம் செய்வது. இங்கே வெயில் பளீரென்று அடித்தது. மேலே மலையில் மட்டும் மேகம் கறுத்திருந்தது.

ரியோஹெய் திடீரென்று நிமிர்ந்தான். காலடியில் ஓடிய தண்ணீரில் காய்ந்த இலைகள் வந்துகொண்டிருந்தன... மேலே மலையில் வெள்ளம் கிளம்பிவிட்டதற்கு அடையாளம்.

“எல்லாரும் கரைக்கு! பையைப் போடுங்க, ஓடுங்க!”

கணுக்கால் அளவு தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. சிஹோ முதலில் கரையேறி ஒவ்வொரு கையாகப் பிடித்து இழுத்தாள். ஒன்று... ஏழு... பன்னிரண்டு... கடைசியாகக் கோஹருவை ரியோஹெய் பின்னாலிருந்து தள்ளிவிட்டான். பதிமூன்று! சிஹோ மூச்சு விட்டாள்.

பதினாலாவது ஆள் பாறையில் கால் வழுக்கிப் போனான்.

பழுப்பு நிறமாகிவிட்டிருந்த தண்ணீர் அவனை நடு ஆற்றுக்கு இழுத்தது. ஒரு முறை மறைந்தான். பிறகு மல்லாந்த முகமாக மேலே வந்தான். அசையாமல் மிதந்தான்.

“மியாஜி-சான்!” என்று பிள்ளைகள் கத்தத் தொடங்கினார்கள். “விடாதீங்க! இன்னும் கொஞ்சம்தான்!”

“யாரும் கூப்பிடாதீங்க!” சிஹோவின் குரல் சாட்டையாகச் சொடுக்கியது. “கோஹரு, தீயணைப்புக்கு போன் பண்ணு. மத்தவங்க மேட்டுலேயே நில்லுங்க. ஒருத்தரும் இறங்கக் கூடாது!”

பிள்ளைகள் குடிக்கக் கொண்டுவந்திருந்த பார்லித் தேநீரின் பெரிய பிளாஸ்டிக் குடுவையைத் தூக்கினாள். மிச்சத் தேநீரைக் கொட்டி மூடியை இறுக்கினாள். கரையோரமாக ஓடினாள். கூப்பிட வேண்டும் போல் இருந்தது. கூப்பிடக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். கல் குத்தியது, முள் கிழித்தது. அந்த முகம் தெரிகிறதா... தெரிகிறது. அலை மூடியது. இப்போது? இல்லை... இல்லை... ஐயோ... தெரிகிறது!

ஆறு வளைகிற இடத்தில் அவனுக்கு முன்னே போய் நின்றாள். இரண்டு கையாலும் குடுவையை வீசினாள். அது அவன் மார்புப் பக்கம் விழுந்தது. அவன் அதைக் கட்டிக்கொண்டான். வளைவில் நீரோட்டம் அவனைக் கரைப்பக்கமாகத் தள்ளியது... நாணல் புதருக்குள் கொண்டுவந்து போட்டது.

சிஹோ மண்டியிட்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் இருமினான். கண்ணைத் திறந்தான்.

“பசங்க?”

“பதிமூணு பேரும் மேட்டுல இருக்காங்க.”

“நல்லா எறிஞ்சீங்க...”

அவ்வளவுதான். சிஹோ உடைந்துவிட்டாள். அவன் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள்.

“பேசாதீங்க! பசங்களுக்காகப் பயப்படுறது என் வேலை. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். உங்களுக்காக எதுக்குப் பயந்தேன்? அந்த முகம் மறைஞ்சப்போ எனக்கு உயிரே போயிடுச்சு... அது வேலை இல்ல. என்னன்னு எனக்குத் தெரியும். உங்களைப் பிடிச்சிருக்கு. நான் பயந்து சாகுற அளவுக்குப் பிடிச்சிருக்கு. போதுமா?”

அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். உதடு நீலமாகியிருந்தது. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

“பத்து வருஷமா இந்த வேலை பாக்குறேன். அடுத்தவங்களுக்காக எத்தனையோ தடவை பயந்திருக்கேன். எனக்காக ஒரு தடவையும் பயந்ததில்ல. இன்னைக்குத்தான் பயந்தேன், சிஹோ-சான்... தண்ணியில படுத்துக்கிட்டு நடுநடுங்கிட்டேன்.”

“செத்துடுவோம்னா?”

“இல்ல. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்லாமலே போயிடுவேனோன்னு.”

தூரத்தில் தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்டது. மேட்டிலிருந்து பதிமூன்று ஜோடிக் கண்கள் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன. சிஹோ அவன் குளிர்ந்த கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். வண்டி வந்து நின்று, அவனுடைய தோழர்கள் நாலு பேர் இறங்கி ஓடி வந்த பிறகும் அவள் அதை விடவில்லை.