மகளுக்கு மஞ்சள்

மகளின் டிராக் சாம்பல் நிறமாக மாறியிருந்தது.

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். சாம்பல்தான். பாட்டுகளைப் பதிவு செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. ஒவ்வொரு குரலும் கருவியும் திரையில் தனித்தனிப் பட்டையாக ஓடும் டிராக்குகளுக்கு நிறம் பிரிப்பதில் ஒரு கிறுக்கே உண்டு. டிரம்ஸ் சிவப்பு, கிதார் பழுப்பு, பாடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு நிறம். மகளுக்கு மஞ்சள். சாம்பல் ஒரே ஒருவனுக்குத்தான். போன வருஷம் கார் விபத்தில் போய்ச் சேர்ந்த கணவனுக்கு. அவன் குரலை அழிக்க மனம் வரவில்லை, அவனுடைய பழைய நீலமாகவே வைத்துப் பார்க்கத் தெம்பும் இல்லை. அழுது ஓய்ந்த ஒரு மத்தியானம் அதைச் சாம்பலாக்கினாள். அவன் பாதியில் விட்ட பாட்டை ஏழு வயது மகளைப் பாடவைத்து முடிப்பதுதான் இன்றைய வேலை.

"அம்மா, எவ்ளோ நேரம்தான் நிக்கறது?" கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம், மைக்குக்கு முன்னால் நின்ற மகளின் சிணுங்கல் ஸ்பீக்கரில் வந்தது.

"இருடி வாலு. இங்க கலரெல்லாம் குழம்பிக் கிடக்கு."

"வாலுன்னு அப்பா மட்டும்தான் கூப்பிடணும்."

"உத்தரவு, மகாராணி."

தவறு தன்னுடையதாகத்தான் இருக்கும். இரண்டு டிராக்குகள் சேர்ந்து தேர்வாகியிருப்பதைக் கவனிக்காமல் நிறம் மாற்றினால் இரண்டுமே மாறிவிடும். அவசரத்தில் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் நடப்பதுதான். மகளை மஞ்சளாக்கிவிட்டுப் பாட்டை ஓடவிட்டாள். வெளியே மழை கொட்டினாலும் ஸ்பாஞ்சு ஒட்டிய சுவரைத் தாண்டி ஒரு பொட்டுச் சத்தம் வராது. கணினி விசிறியின் இரைச்சலும், சூடான தூசியின் வாசனையும், அவன் குரலும் மட்டும். பாடுவதை நிறுத்தியபிறகு மைக்கை அணைக்க மறந்து அவன் பேசியதும் அதிலேயே இருந்தது.

"அழாதடி வாலு. அடுத்த தடவை அப்பா உன்னையும் கூட்டிட்டுப் போறேன்."

அன்று சாயங்காலம்தான் அவன் காரை எடுத்தான்.

மஞ்சள் மங்கியது. அவள் கண்ணெதிரிலேயே, துணியில் ஈரம் ஊறுவதுபோல, இடது ஓரத்திலிருந்து சாம்பல் பரவியது. அவள் மவுஸைத் தொடக்கூட இல்லை.

"அம்மா, குளிருதும்மா."

மகளின் உதடு வெளுத்திருந்தது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய்ப் பாடும் அறையின் கதவை இழுத்தாள். கைப்பிடி அசையவில்லை. தோளால் இடித்தாள். அசையவில்லை. திரும்பி வந்து மஞ்சளை அழுத்தினாள். மகளின் கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியது. மறுகணம் மறுபடி சாம்பல். மறுபடி வெளுப்பு.

"அவளை விட்டுடுங்க," என்றாள், யாருமில்லாத அறையில், கணவனிடம். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சின்னக் குழந்தைங்க அது."

சாம்பல் பாதி தூரம் வந்துவிட்டது.

இந்தப் பாட்டில் சாம்பல் என்று ஒன்றே இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது. எல்லா டிராக்கையும் ஒருசேரத் தேர்வு செய்தாள். மஞ்சள். திரை முழுக்க மஞ்சள்.

பரவல் நின்றது. மகள் கையை உதறிக்கொண்டு சிரித்தாள். அப்பாடா. போன உயிர் திரும்பி வந்தது. அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள். அவன் டிராக்கும் மஞ்சள். உயிரோடு இருக்கும் மகளின் நிறம். அவளே, தன் கையாலேயே, கொடுத்தது. அதில் புதிதாக ஏதோ பதிவாகிக்கொண்டும் இருந்தது.

"அப்பா!" என்றாள் மகள்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் மகளின் முகம் அண்ணாந்திருந்தது. வலது கையை மேலே தூக்கியிருந்தாள். உயரமான ஒருவரின் விரலைப் பிடித்துக்கொள்ளும் உயரத்துக்கு.

அவள் ஓடினாள். கைப்பிடி இந்த முறை சுலபமாகத் திரும்பியது.

யாருமில்லை.

ஹெட்போன் வயரில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. தொட்டாள். இன்னும் சூடு.

பின்னால், ஸ்பீக்கரில், காலடிச் சத்தம். பெரிய கால். சின்னக் கால். விலகி விலகிப் போயின.

"அம்மா வரலையாப்பா?"

"அடுத்த தடவை, வாலு."

திரையில் இரண்டு டிராக்குகள் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நீண்டுகொண்டே போயின. இரண்டும் சாம்பல்.