ஐடா கூட்டிப்போகும் இடம்

பங்காருபேட்டையில் ரயிலிலிருந்து இறங்கி, ஆட்டோ பிடித்து, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான பாலகாட் லைனில் எங்கள் வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டின் வெள்ளைத் தூசி தெருவெல்லாம் பறந்தது. தங்கை ஐடாவை அடக்கம் செய்து ஒரு மாதம்தான் ஆகிறது. தனியாக இருக்கும் அம்மாவை பெங்களூருக்கு அழைத்துப்போக வந்திருந்தேன்.

அம்மா கதவைத் திறந்தாள். மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. உதடுகள் வெடித்து, கன்னங்கள் கருகிச் சிவந்திருந்தன.

“இன்னாம்மா இது? வெயில்ல எங்கனா அலைஞ்சியா?”

“வாசலைத் தாண்டலடி நிக்கோலு. இந்த மூட்டு வலில நான் எங்க போறது?”

அந்த முகம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் பனிமலையிலிருந்து திரும்பும்போது ஐடாவுக்கு இருந்த முகம்.

ஐடா தன் புல்லட்டில் போகாத இடமில்லை. லடாக், ஸ்பிட்டி, நேபாளம். சுரங்கத்தில் வேலை செய்த அப்பா வாழ்நாளெல்லாம் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் பூமிக்குள் இறங்கினார். “கேஜ்ல அவரு கீழ போனதுக்கெல்லாம் சேத்து நான் மேல ஏறுறேன்” என்று சிரிப்பாள். “ஒரு தபா பனியைக் காட்றேன், வாம்மா” என்று அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். என்னை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. ஸ்பிட்டியில் பனிச்சரிவு அவளை மூடிய நேரத்தில் நான் அலுவலகத்தில் இட்லி தின்றுகொண்டிருந்தேன். அந்த வாய் இட்லி இன்னும் உள்ளே இறங்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். அலமாரியில் பாத்திரங்கள் கலகலத்தன.

நான் எழுந்திருக்கவில்லை. இங்கே பிறந்த யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். சுரங்கத்தை மூடி எத்தனையோ காலம் ஆனாலும் அடியில் பாறை வெடிக்கும், வீடு அதிரும். ஏர் பிளாஸ்ட் என்போம். அடுத்த வாய்ச் சோற்றை எடுப்போம்.

அம்மா மட்டும் தட்டை நகர்த்திவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். பக்கத்து வீட்டு பார்வதம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“பிளாஸ்ட் பெருசா இருந்திச்சி இல்லக்கா?”

“இன்னா பிளாஸ்ட்டு? பெங்களூரு போயி உன் காதும் கெட்டுப்பூட்ச்சா? ஒண்ணும் ஆடலியே.”

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர்.

உள்ளே பாத்திரங்கள் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தன. பாறை வெடித்தால் ஒரு குலுக்கலோடு ஓய்ந்துவிடும். இது ஓயவில்லை.

நின்று கேட்டேன்.

சீரான தாளம். வாசலில் யாருக்காகவோ காத்து நிற்கும் புல்லட்டின் உறுமல்.

ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தேன். பனிக்கட்டி. புடவைக் கரை நனைந்திருந்தது. மலை ஏறுகிறவளைப்போல மூச்சு இழுத்தது. முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு.

“அம்மா!”

“சும்மா இருடி.” கண்ணைத் திறக்காமல் முணுமுணுத்தாள். “கடைசி ஏத்தமாம். இத்தத் தாண்டிட்டா திரும்பவே வாணாமாம்.”

அறையில் பெட்ரோல் வாடை.

“ஐடா,” என்றேன். எனக்கே கேட்காத குரல். “அம்மாவ வுட்ருடி. எனக்கு வேற யாரு இருக்காங்க?”

அதிர்வு நிற்கவில்லை.

“தொணைக்கு ஆளு வேணும்னா…” அம்மாவைக் காப்பாற்றத்தான் பேசுகிறேன் என்று நினைத்திருந்தேன். வெளியே வந்தது வேறு. “என்னை ஏன்டி ஒரு தபாகூடக் கூப்பிடல?”

பாத்திரங்கள் ஓய்ந்தன.

அம்மாவின் கையில் மெல்லச் சூடு ஏறியது. கண்ணைத் திறந்தவள் சின்னப் பிள்ளையைப்போல அழுதாள்.

“பாதி வழியில எறக்கி வுட்டுட்டாடி.”

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். “சாயங்காலமே பெங்களூரு கெளம்பிடலாம்மா,” என்றேன்.

சொல்லும்போது என் வாயிலிருந்து மூச்சு வெண்புகையாக வந்தது.

மே மாதம். மேலே தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது.

அம்மா அழுகையை நிறுத்தினாள். என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துத் தலையசைத்தாள். பிறகு என் துப்பட்டாவை எடுத்து, குளிர் புகாதபடி இரண்டு காதையும் மூடி, தாடைக்குக் கீழே இறுக்கி முடிந்தாள்.

“பாத்துப் போய்ட்டு வாங்க, ரெண்டு பேரும்.”